அம்மாவோட பேரு என்ன?

அத்தியாயம் – 11

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு ரெண்டு வரி. ஆடி மாசம் காரிமங்கலம் சந்தையில் காணாமல் போன காசியம்மாள் இன்னும் கிடைக்கவில்லை. பொங்கலே வந்து போய்விட்டது.

சந்தைக்குக் கூட்டிப் போனது மகள் ஐஸ்வர்யா. "இங்கயே உக்காந்திரும்மா, பாப்பாவுக்குச் செருப்பு வாங்கிட்டு வந்துடறேன்" என்று தேங்காய்க் குவியல் பக்கம் உட்கார வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தால் அம்மா இல்லை. ஏற்கெனவே ஒரு வருஷமாக மறதி. அடுப்பில் வைத்த பால் மறக்கும், பேத்தி பேர் மறக்கும். உட்காரச் சொன்னதும் மறந்திருக்கும். இதில் யாரைக் குத்தம் சொல்ல? ஆனால் ஐஸ்வர்யா தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறாள், தினமும்.

அண்ணன் சந்திரமோகன் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவன். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அம்மா என்றால் உயிர். கடையைச் சாத்திவிட்டு சேலம், திருப்பூர், பழனி என்று தலையால் தண்ணி குடித்தாகிவிட்டது. போன இடமெல்லாம் நோட்டீஸ் ஒட்டினான். 'காசியம்மாள், மாநிறம், தமிழ் பேசுவார்.' மேலே ஒரு படம். பேத்தி காதுகுத்தில் பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக அம்மா சிரிக்கிற படம்.

இப்போது ஸ்டேஷனுக்கு மணிமேகலை என்று புது எஸ்.ஐ. வந்திருக்கிறார். வந்த வேகத்தில் காணாமல் போனவர்களின் பழைய கேஸ்களைத் தூசி தட்டி எடுத்து, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுப் பேசுகிறார். அண்ணனும் தங்கச்சியும் அவர் எதிரே போய் உட்கார்ந்தார்கள். அங்கேதான் போன வாரம் விட்டோம்.

உயரம், நிறம், மச்சம் எதையும் அந்தம்மா கேட்கவில்லை.

"உங்கம்மா சின்னப் பொண்ணா இருக்கும்போது எங்க இருந்தாங்க?"

அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாரண்டஹள்ளிப் பக்கங்க. அவங்க அம்மா வூடு" என்றாள் ஐஸ்வர்யா.

"அங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க? ஆடு மேய்ச்சாங்களா, காட்டு வேலையா? கூடப் பொறந்தவங்க யாரு யாரு? கஷ்டம் வந்தா யாரைக் கூப்பிட்டு அழுவாங்க?"

சந்திரமோகனுக்கு மூக்கு நுனியில் இருந்த கோபம் வெடித்துவிட்டது. "மேடம், காணாமப் போனது ஆடி மாசங்க. நீங்க ஆதி காலத்துக் கதை கேக்குறீங்க. ஆடு மேய்ச்சா என்ன, மாடு மேய்ச்சா என்ன? பஸ் ஸ்டாண்டு கேமராவுல பாருங்க!"

"கேமராவுல இருந்ததெல்லாம் எப்பவோ அழிஞ்சி போச்சு. அன்னைக்கே பாத்திருக்கணும், பாக்கல. அது எங்க தப்புதாங்க" என்றார் மணிமேகலை. குரல் ஏறவே இல்லை. "நான் கேக்கறது ஒண்ணுதான். சந்தையில இருந்து எழுந்திரிச்சப்ப உங்கம்மா எங்க போகணும்னு கிளம்பியிருப்பாங்க?"

"எங்க வூட்டுக்குத்தான்!"

"மறதி வந்தவங்களுக்கு மொதல்ல மறந்து போறது இன்னைக்கு நடந்தது. கடைசி வரைக்கும் நிக்கறது சின்ன வயசு. அவங்க வூடுன்னு நெனைச்சுக் கிளம்பறது பெரும்பாலும் பொறந்த வூட்டை. நாம இத்தனை நாளா பேத்தி எடுத்த காசியம்மாளைத் தேடிட்டிருக்கோம். பாவாடை கட்டின ஒரு பொண்ணைத் தேடியிருக்கணும்."

ஐஸ்வர்யாவுக்குச் சுருக்கென்றது.

"மேடம்... கடைசியா கொஞ்ச நாளு என்னை அக்கா அக்கான்னு கூப்பிட்டாங்க. என்னென்னமோ பேசுவாங்க. ஒண்ணும் புரியாது. உளறுறாங்கன்னு விட்டுட்டோம்."

"உளறலா, வேற பாஷையா?"

ஐஸ்வர்யா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சந்திரமோகன்தான் மெதுவாகச் சொன்னான். "அம்மா பொறந்த வூட்டுல கன்னடம் பேசுவாங்க மேடம். எங்க வூட்டுல பேச மாட்டாங்க. எங்க அப்பாவைப் பெத்த ஆயாவுக்கு அது ஆகாது. எனக்குப் புரியாத பேச்சுல என்னைத் திட்டறியாடின்னு அடிக்க வந்துடுவாங்க. அம்மாவும் விட்டுட்டாங்க. எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது."

மணிமேகலை மேஜை மேல் கிடந்த நோட்டீஸைப் பார்த்தார். 'தமிழ் பேசுவார்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?"

சந்திரமோகன் நோட்டீஸை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

"இருக்காங்களா இல்லையாங்க?"

"ஒரு தம்பி" என்றாள் ஐஸ்வர்யா. "மாது மாமா."

"புகார்ல அவரு பேரே இல்லையே?"

என்னத்தைச் சொல்வான் சந்திரமோகன்? அப்பா மாயவன் செத்த அன்றைக்கு மாது மாமா கோடிச் சேலையோடு வந்தார். புருஷன் போன பொம்பளைக்குப் பொறந்த வீட்டுக்காரன் போர்த்துகிற சேலை அது. போர்த்தினது போதாதென்று, "அக்காவை நாலு மாசம் எங்கூட அனுப்பி வைங்க" என்றும் கேட்டார். சும்மா கேட்டவரைப் பார்த்து, "அக்காவைக் கூட்டிட்டுப் போயி எங்க நிலத்துல பாகம் கேக்கறதுக்கா?" என்று எகிறினான் சந்திரமோகன். அத்தோடு விட்டானா? கோடிச் சேலையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். சாவு வீட்டில் அத்தனை சனமும் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றோடு போக்குவரத்து நின்றது. அம்மா காணாமல் போனபோது ஊர்க்காரர் ஒருத்தரை விட்டு விசாரித்தான். 'அங்க வரலையாம்' என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

"இன்னைக்கே போவோம்" என்று எழுந்தார் மணிமேகலை. "அம்மாவைச் சின்ன வயசுல வூட்டுல என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேக்கணும். செல்லப் பேரு, பட்டப் பேரு எதுவா இருந்தாலும் சரி."

"நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுங்க போவேன்?"

"இருக்கற மூஞ்சியை வெச்சிக்கிட்டுத்தான்" என்றாள் ஐஸ்வர்யா. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் ஜீப்பில் ஏறினாள்.

*

மாரண்டஹள்ளியைத் தாண்டி மண் ரோட்டில் கொஞ்ச தூரம். புளியமரத்தடியில் ஜீப்பை நிறுத்தச் சொன்னார் மணிமேகலை.

"நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க. குடும்பச் சண்டையில போலீஸ் மொதல்ல வாயத் தொறந்தா காரியம் கெட்டுப் போயிடும்."

மாது மாமா கொல்லையில் தக்காளி பறித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்து, ஆள் பாதியாக இளைத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், கையிலிருந்த தக்காளியைப் பெட்டியில் போடக்கூட மறந்து நின்றார்.

"கெடைச்சிட்டாளா?"

வா என்றில்லை, ஏன் வந்தீங்க என்றில்லை. முதல் வார்த்தையே அதுதான். சந்திரமோகன் தலையைக் குனிந்துகொண்டான். ஐஸ்வர்யா இல்லை என்று தலையாட்டினாள்.

மாது திரும்பவும் செடிப்பக்கம் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் பழம் பறிக்கிற மாதிரி பாவனை பண்ணினார். அப்புறம் வரப்பில் இருந்த தண்ணி கேனை எடுத்து நீட்டினார்.

"குடிங்க. வந்தவங்களை மூஞ்சியில அடிச்சித் திருப்பி அனுப்பற பழக்கம் எங்க வூட்டுல இல்ல."

சந்திரமோகன் வாங்கிக் குடித்தான்.

"மாமா" என்று அவர் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள் ஐஸ்வர்யா. "எங்கம்மாவைச் சின்ன வயசுல நீங்கல்லாம் என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"என்ன பேரா?" மாது அவளையே பார்த்தார். "பெத்தவ பேரு தெரியாதா உங்களுக்கு?"

"காசியம்மாள் தெரியும். வேற எதாச்சும்..."

"காசியம்மாளுங்கறது உங்க வூட்டுல வெச்ச பேரு. அவ பேரு செல்லி."

சந்திரமோகன் நிமிர்ந்தான். "செல்லி எங்க ஆயா பேரு மாமா."

"அதுக்காகத்தான்டா மாத்துனாங்க! மாமியாருக்கும் அதே பேரு, மருமகளுக்கும் அதே பேரு. 'ஏ செல்லி, சாணி அள்ளுடி'ன்னு வூட்டுல எவன் கூப்பிடுவான்? பெரியவங்க பேரைச் சொல்லி வேலை ஏவலாமா? தாலி கட்டின அன்னைக்கே, பந்தியில சோறு போடறதுக்கு முன்னாடியே, உங்க தாத்தா எழுந்து 'இனிமே இவ காசியம்மா'ன்னுட்டாரு. நான் பொடிப்பையன். அக்கா என் கையைப் புடிச்சிக்கிட்டு, 'மாது, நீயாச்சும் என்னைச் செல்லின்னு கூப்பிடுடா'ன்னா. அன்னையிலருந்து அந்தப் பேரு எனக்கு மட்டுந்தான்."

ஐஸ்வர்யா அழுதாள். அழாமல் என்ன செய்வாள்? அம்மாவின் ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ்புக் எல்லாம் அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் காசியம்மாள். முப்பது வருஷம் கூடவே இருந்தும் 'அம்மா, உன் பேரு என்ன' என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. யார்தான் கேட்கிறோம், சொல்லுங்கள்?

"நீங்க தேடலையா மாமா?" என்றான் சந்திரமோகன். கேட்டவுடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தேடலையாவா?" மாதுவின் குரல் உடைந்தது. "எல்லைக்கு அந்தாண்ட, கர்நாடகாவுல ஒரு ஊர் பாக்கி இல்லடா. கோயில் கோயிலா, சந்தை சந்தையா போயி, எங்கக்கா செல்லியப் பாத்தீங்களான்னு கேட்டேன். படம் இருக்கான்னாங்க. எங்கிட்ட ஏது படம்? கல்யாணத்துக்கு முந்தி அவளைப் படம் புடிக்க எங்களுக்கு ஏது வக்கு? அதுக்கப்புறம் அவ இருந்தது உங்க வூட்டுல. அங்கதான் என்னை வாசல்லயே நிறுத்திட்டீங்களே."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே மாமா..."

"போனேன். ஏற்கெனவே அவங்க பையன் வேற ஸ்டேஷன்ல குடுத்துட்டாரு, அவரை வந்து பேசச் சொல்லுங்கன்னாங்க. உன்னை வந்து பேசச் சொல்ல நான் யாரு?"

மணிமேகலை எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. மாது அவசரமாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"ஐயா, துண்டைப் போடுங்க" என்றார் மணிமேகலை. "இவங்ககிட்ட படம் இருந்துச்சு, பேரு இல்ல. உங்ககிட்ட பேரு இருந்துச்சு, படம் இல்ல. ரெண்டையும் ஒண்ணா சேத்திருக்க வேண்டியது நாங்க. ரெண்டு ஸ்டேஷனும் ஒரு போன் பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"கையில வெண்ணெயை வெச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்" என்றான் சந்திரமோகன், யாரையும் பார்க்காமல்.

*

வரப்பிலேயே உட்கார்ந்து போனை எடுத்தார் மணிமேகலை. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆதரவற்றோர் இல்லங்களுக்கு ஏற்கெனவே பேசினவர்தான். அப்போது கேட்டது தமிழ் பேசுகிற காசியம்மாளை. எல்லாரும் இல்லை என்றார்கள். இன்று அதே இடங்களுக்கு, அதே ஆட்களுக்குத் திரும்பவும் பேசினார்.

"செல்லின்னு பேரு. கன்னடம் பேசுவாங்க. ஆடி மாசத்துக்கு அப்புறம் வந்திருக்கலாம்."

முதல் இடத்தில் இல்லை. அடுத்த இடத்தில் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவதாக எடுத்தவர் ஆரோக்கியராஜ் என்று ஒருத்தர், ஓசூர்க்காரர், அந்த இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறவர்.

"செல்லியம்மாவா? இருக்காங்க மேடம்."

ஸ்பீக்கரில் அந்தக் குரல் கொல்லை முழுக்கக் கேட்டது. ஐஸ்வர்யா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ் ஸ்டாண்டுல காய்ச்சலோட கெடந்தாங்க. போலீஸ்தான் கொண்டாந்து விட்டாங்க. கன்னடப் பேப்பர்லகூடப் போட்டோம். யாரும் வரல."

"போன தடவை காசியம்மாள்னு கேட்டேனே சார்?"

"இவங்களுக்குத் தமிழே வராதே மேடம். அதான் நாங்க சம்பந்தப்படுத்தியே பாக்கல."

தமிழே வராது! அந்த அம்மா தமிழில் தாலாட்டுப் பாடி வளர்த்த ரெண்டு பேர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"வீடியோவுல காட்டுங்க சார்" என்றார் மணிமேகலை.

படம் ஆடி ஆடி நின்றது. ஒரு கட்டில். அதன் ஓரத்தில் ஒடுங்கின ஒரு உருவம். தலை மொட்டை. பேன் பிடித்துப் புண்ணாகிவிட்டதால் எடுத்தோம் என்றார் ஆரோக்கியராஜ். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. காதுகுத்துப் படத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் தேடினாலும் இந்த முகத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆனால் பெத்த பிள்ளைக்குத் தெரியாதா?

"அம்மா!" சந்திரமோகன் போனைப் பறித்துக்கொண்டான். "அம்மா, நான்தாம்மா. மோகன். பாரும்மா."

காசியம்மாள் போனைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மொட்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒதுங்கி உட்கார்ந்தாள். வெளி ஆம்பளை முன்னால் எப்படி உட்கார்வார்களோ அப்படி.

"யாரு இவரு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கன்னடத்தில் கேட்டாள். அந்த ரெண்டு வார்த்தை மட்டும் தமிழிலும் அதேதான்.

ஐஸ்வர்யா எட்டிப் பார்த்து, "அம்மா, ஐசும்மா... உன்னை விட்டுட்டுப் போனேனே, அந்த ஐசு" என்று கதறினாள். அம்மா அவளைப் பாவமாகப் பார்த்தாள். யாரோ ஒரு பொண்ணு அழுகிறாளே என்று.

மாது போனை வாங்கினார்.

"செல்லி" என்றார். "செல்லக்கா."

கட்டிலில் இருந்தவள் விருட்டென்று எழுந்தாள்.

"மாதூ! எல்லி ஹோகித்தே?"

எங்கடா போயிருந்தே என்று கேட்கிறாள். அதற்குமேல் மழை மாதிரி கொட்டினாள். சிரித்தாள், திட்டினாள், அழுதாள். மாதுவும் ஏதேதோ சொன்னார். பக்கத்தில் நின்ற ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை. அம்மா இவ்வளவு பேசி அவர்கள் பார்த்ததே இல்லை.

அப்புறம் அவள் குரல் தாழ்ந்தது. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஆ மனெகெ பேடா. மாது, ஆ மனெகெ பேடா." மாதுவின் முகம் செத்துப் போயிற்று.

"என்ன சொல்றாங்க மாமா?"

"ஒண்ணுமில்லடா."

"சொல்லுங்க மாமா. கூட்டிட்டுப் போகச் சொல்றாங்களா? காலையில முதல் வேலையா வண்டி சொல்லிடறேன். நானே ஓட்டிட்டு வர்றேன்."

மாது போனை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டார்.

"அந்த வூட்டுக்கு அனுப்பாதேங்கறா."

"எந்த வூட்டுக்கு?"

"உங்க வூட்டுக்குத்தான்டா. மாமியா அடிக்கும், கன்னடம் பேசினா சூடு வெக்கும், அங்க வேண்டாங்கறா. அவளுக்கு உங்க ஆயா இன்னும் சாகல. நீங்க இன்னும் பொறக்கல. எங்கப்பன் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போடாங்கறா."

சூடா? ஐஸ்வர்யாவுக்கு அம்மாவின் முழங்கைக்கு மேலே இருந்த தழும்பு தெரியும். அடுப்பில் பட்டுடுச்சு என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

ஆரோக்கியராஜின் குரல் போனுக்குள்ளிருந்து கேட்டது. "மேடம், ஒண்ணு சொல்லிடறேன். இவங்க யாரைப் பாத்துப் பயப்படறாங்களோ அவங்ககூட நாங்க அனுப்ப மாட்டோம். சட்டப்படி பையனா இருந்தாலும் சரி. அவங்களா விருப்பப்பட்டு வண்டியில ஏறணும்."

"அதுதான் சரி சார்" என்றார் மணிமேகலை. அவராலும் சந்திரமோகனைப் பார்க்க முடியவில்லை.

சந்திரமோகன் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் எகிறினவன், இப்போது சத்தமே இல்லாமல் அழுதான். அம்மா கிடைத்துவிட்டாள். இத்தனை மாசம் எந்த வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று தேடினானோ, அந்த வீட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் பயம்.

"மாமா" என்றான் கடைசியில். "நாளைக்கு நீங்க போங்க. உங்க வூட்டுக்கே கூட்டிட்டு வாங்க. நான் வண்டி மட்டும் ஓட்டறேன்."

"நீ வர்றது தெரிஞ்சா..."

"மகன்னு சொல்லாதீங்க மாமா. டிரைவர்னு சொல்லுங்க. வாடகை வண்டி டிரைவர்னு சொல்லுங்க. நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

"அண்ணா..." என்றாள் ஐஸ்வர்யா.

"நீ சும்மா இரு பாப்பா. எனக்கு அம்மா வேணும்."

மாது போனை எடுத்து அக்காவிடம் மெதுவாகப் பேசினார். நாளைக்கு வருகிறேன், கூட ஒரு டிரைவர் வருவார் என்று சொல்லியிருக்க வேண்டும். டிரைவர் என்ற வார்த்தை மட்டும் சந்திரமோகனுக்கு விளங்கியது.

அந்தப் பக்கம் செல்லி ஏதோ கேட்டாள்.

மாது போனைக் கையால் பொத்திக்கொண்டு மருமகனைப் பார்த்தார்.

"அந்த டிரைவரு நல்லவனான்னு கேக்கறா. நம்மளை ஏமாத்தி அங்க கொண்டு போயி விட்டுட மாட்டானேங்கறா."

சந்திரமோகன் வரப்பிலிருந்து எழுந்து வந்து மாமாவின் முன்னால் நின்றான்.

"என்னடா சொல்லட்டும்?" என்றார் மாது.